இது வரைக்கும் எப்படி வந்தது?

போன வெள்ளிக்கிழமை ரிஸ்வானா தொலைபேசியில் அழைத்தாள். உக்குவளை ஊர்ப் பிள்ளை. நான் பதினெட்டு வருடம் நின்ற நீதிமன்றத்தில் இப்போது மொழிபெயர்ப்பாளராக நிற்கிறாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னை அழைக்கக்கூடாது என்று அவளுக்கு இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன்.

“சேர், கோவிச்சிக்காதீங்க. இங்லிஷ்ல ‘லீட் அப் டு’ன்னு வருதே, அதுக்குத் தமிழ்ல என்னா சொல்ற?”

“ஆர் கேட்டது?”

“புது ஜட்ஜ் மேடம் சாட்சிக்கிட்ட கேட்கச் சொன்னாங்க. போன்ல போட்டுப் பாத்தேன், ‘வழிவகுத்தது’ன்னு வந்திச்சு. ‘சண்டைக்கு எது வழிவகுத்தது’ன்னு அப்படியே கேட்டேன் சேர். அந்த மனுசன் கும்பிட்டுக்கிட்டு, ‘நான் ஒண்ணும் வகுக்கலீங்க, எல்லாம் அவன்தான்’ங்கிறாரு. முழுக் கோர்ட்டும் சிரிச்சிச்சு.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான்கு வரியில் ஒரு பதில் சொல்லி வைத்துவிட்டேன். அது போதாது என்று அன்றிலிருந்து மனது அரிக்கிறது. போனைக் கேட்டுத் தமிழ் பேசும் காலம் வந்துவிட்டதே என்பது வேறு கவலை. ஆகவே கொஞ்சம் விரிவாக எழுதிவிடுகிறேன்.

‘லீட்’ என்றால் முன்னால் நடந்து கூட்டிப்போவது. ‘லீட் டு’ என்றால் ஒன்று இன்னொன்றில் கொண்டுபோய் விடுவது. விடாமல் பெய்கிற மழை வெள்ளத்தில் கொண்டுபோய் விடும். அங்கே தொடக்கமும் முடிவும் இருந்தால் போதும், நடுவழியைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. நடுவிலே ‘அப்’ வந்து உட்கார்ந்ததும் வழிதான் பெரிதாகிவிடுகிறது. ஒரு சம்பவத்துக்கு முன்னால் ஒன்றன்பின் ஒன்றாக என்னென்ன வந்தன என்ற அந்த ஏற்றம் முழுவதும் அதற்குள் அடங்கும். அவற்றில் எது குற்றவாளி என்று அது சொல்வதில்லை. பரீட்சைக்கு முந்திய வாரங்களைக்கூட ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்கள். வாரங்களா பரீட்சையை உண்டாக்குகின்றன? இன்னொரு பயனும் உண்டு. சொல்ல வந்ததை உடனே போட்டு உடைக்காமல் சுற்றி வந்து நெருங்குவதற்கும் இதே சொற்றொடர்தான். பக்கத்து வீட்டுக்காரர் என் முழங்கால் வலியை விசாரிக்கத் தொடங்கினால் எனக்குத் தெரியும், ஐந்தாவது கேள்வி என் ஏணியைப் பற்றி இருக்கும்.

இதெல்லாம் எனக்குப் பள்ளிக்கூடத்தில் தெரியவில்லை. வடக்கிலே படித்தேன், மூன்று மொழியிலும் பரீட்சை எழுதினேன், மாத்தளை மாவட்டத்துக்கு நியமனம் வந்தது. இரண்டு வருடத்தில் திரும்பிவிடலாம் என்று பெட்டியை முழுதாகப் பிரிக்கவில்லை. இன்றும் அதில் ஒரு பக்கம் பிரிக்காமல்தான் கிடக்கிறது. எங்கள் நீதிமன்றம் மாத்தளைக்கு வடக்கே ஒரு சிறு நகரத்தில் இருந்தது. மொழிபெயர்ப்பாளரை அங்கே எல்லோரும் முதலியார் என்றுதான் கூப்பிடுவார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம் ஒரு நீதவான் வந்தார். தெற்கத்திச் சிங்களவர், ஒல்லியான மனிதர். வழக்கைச் சிங்களத்தில் நடத்துவார், யோசிப்பதை ஆங்கிலத்தில் யோசிப்பார். குற்றச்சாட்டை வாசித்து முடித்ததும் பேனாவை மேசையில் படுக்க வைப்பார். என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் அந்த ஒரே கேள்வியைக் கேட்பார்: “வாட் லெட் அப் டு திஸ்?” பேனா படுத்திருக்கும்வரை யாரும் சாட்சியை அவசரப்படுத்தக்கூடாது. அது எங்கும் எழுதாத விதி. சட்டத்தரணிகள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள், தாள்களை அடுக்குவார்கள், பெருமூச்சு விடுவார்கள். அவர் கூரையில் ஓடும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்தக் கேள்வியைத் தமிழாக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. “காரணம் என்ன?” என்று கேட்டுப் பார்த்தேன். எல்லோரும் எதிராளியைக் காட்டினார்கள். “முன்னுக்கு என்ன நடந்தது?” என்றேன். “ஒண்ணும் நடக்கலீங்க” என்றார்கள். கடைசியில் தண்ணீர்க் குழாயடிச் சண்டையொன்றில் சாட்சி சொல்ல வந்த அம்மா ஒருத்தி என் கேள்வியை எனக்கே திருத்திக் கொடுத்தாள். “இது வரைக்கும் எப்படி வந்திச்சுன்னு கேக்குறீங்களா?” என்றாள். அன்றிலிருந்து அதையே வைத்துக்கொண்டேன்.

முதல் வாரமே நீதவான் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். எங்கள் தொழில் விதிப்படி மொழிபெயர்ப்பாளர் சாட்சிக் கூண்டுக்கு இடப்பக்கம், அரை அடி முன்னால் நிற்கவேண்டும். ‘அவர் சொல்கிறார்’ என்று தொடங்கக்கூடாது. சாட்சி ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்பேன். அப்படி நான் கோழி திருடியிருக்கிறேன், வேலி நகர்த்தியிருக்கிறேன், ஒரே மாதத்தில் பதினொரு தடவை கசிப்புச் சாராயம் காய்ச்சியிருக்கிறேன். இவற்றில் ஏதும் பிழையோ என்று பயந்துகொண்டு போனேன்.

“முதலியார், சாட்சி பேச்சை நிறுத்துகிற இடங்களை நீங்கள் விழுங்கிவிடுகிறீர்கள்” என்றார். “அவையும் சாட்சியம். அவர் எவ்வளவு நேரம் நிறுத்துகிறாரோ அவ்வளவு நேரம் நீங்களும் நிறுத்துங்கள்.”

எண்ணுவது சின்ன வயதிலேயே என்னோடு ஒட்டிக்கொண்ட வியாதி. படிகள், தந்திக் கம்பங்கள், பஸ்ஸில் தெரியும் தலைகள் எல்லாவற்றையும் எண்ணுவேன். அதற்குப் பிறகு மௌனங்களையும் எண்ணத் தொடங்கினேன். சாட்சி நிறுத்தினால் மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு சிங்களத்தில் சொல்லும்போது அதே இடத்தில் அதே மூன்று.

இனி அந்த வழக்கு. கைத்தொலைபேசி எல்லோர் கையிலும் வராத காலம். வீதிகளில் சோதனைச் சாவடிகள் இருந்தன. ஒரு பிற்பகல் முத்தையா என்ற மனிதரைப் பொலிஸார் கொண்டுவந்தார்கள். அறுபது வயதிருக்கும். வெள்ளைச் சாரம், மேல் பொத்தான் வரை பூட்டிய சட்டை. உக்குவளைக்கு மேலே ஒரு இறப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். அவரோடு பதினேழு வயதுப் பெண்ணொருத்தியும் வந்தாள். பெயர் சாந்தி. சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் துணி துவைக்கும் பகுதியில் வேலை. ஹோட்டல் சீருடையோடுதான் வந்திருந்தாள். கூண்டைத் தாண்டிப் போகும்போது அவள் அவரைப் பார்த்துச் சொன்னது எனக்குக் கேட்டது.

“உண்மையச் சொல்லுங்க மாமா. ஏன் இப்பிடி மாத்தி மாத்திப் பேசுறீங்க? ஒங்களாலதான் இந்த வெக்கக்கேடு.”

அவள் பின் வாங்கில் பெண் கொன்ஸ்டபிளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

சார்ஜன்ட் எழுந்தார். குரல் பெரிய மனிதர்.

“கனம் ஐயா, இந்த ஆள் மூன்று பேரிடம் மூன்று கதை சொல்லியிருக்கிறான். ஹோட்டல் காவலாளியிடம், பெண்ணின் சித்தி மகளுக்குச் சடங்கு என்றான். பெண்ணிடம், அப்பாவுக்குக் கொஞ்சம் காய்ச்சல் என்றான். நாவுலவுக்குக் கிட்ட எங்கள் சாவடியில் நிறுத்தியபோது, அப்பா மாத்தளை ஆஸ்பத்திரியில் என்றான். ஆஸ்பத்திரிக்குப் பேசிப் பார்த்தோம். அப்படி ஒரு நோயாளியே இல்லை. இரத்த உறவும் கிடையாது, பக்கத்து வீடாம். கடத்தல் என்று சந்தேகிக்கிறோம். ஆளைப் பதினான்கு நாள் விளக்கமறியலில் அடைத்து வைக்கவேண்டும். பெண்ணை அதுவரை சிறுவர் இல்லத்தில் ஒப்படைக்கவேண்டும்.”

நான் அதைத் தமிழில் முத்தையாவுக்குச் சொன்னேன். ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று நீதவான் கேட்டார். அதையும் சொன்னேன்.

முத்தையா பின் வாங்கைப் பார்த்தார். “அய்யா, புள்ள சாப்பிட்டிச்சா?”

அதையும் அப்படியே சிங்களத்தில் சொன்னேன். மன்றம் சிரித்தது. “பெரிய கரிசனைதான்!” என்றார் சார்ஜன்ட். நீதவான் சிரிக்கவில்லை. பெண் கொன்ஸ்டபிளிடம் கேட்டார். காலையிலிருந்து ஒன்றுமில்லை என்று அவள் சொன்னாள். கன்டீனிலிருந்து பிளேன்டீயும் பணிஸும் கொண்டுவரச் சொன்னார். பிறகு பேனாவைப் படுக்க வைத்தார்.

“வாட் லெட் அப் டு திஸ், முதலியார்?”

“இது வரைக்கும் எப்படி வந்தது?” என்று முத்தையாவிடம் கேட்டேன். கேட்கும்போதே ஒன்று நினைவில் தட்டியது. பிள்ளை சாப்பிட்டதா என்று முத்தையா கேட்டாரே, அந்தக் கேள்வியை என்னிடமும் ஒருவர் ஒரு காலத்தில் கேட்டிருக்கிறார். தோட்டத்தில் பிறந்து கணக்குக் கிளையில் வேலை பார்த்த நண்பர். வேலை நேரத்தில் என் அறைக்கு வந்து, சாப்பிட்டாயா என்று விசாரித்து, சாப்பிட வைத்து, கை கழுவ விட்டு, கதிரையில் உட்கார வைத்தார். அதற்குப் பிறகுதான் ஊரிலிருந்து வந்த தந்தியை, என் அப்பாவின் சாவை, எடுத்துக் கொடுத்தார்.

தோட்டங்களில் கேதம், அதாவது சாவுச் செய்தி, சொல்லப் போகிறவருக்கு அது ஒரு முறை. கேட்பவரின் வயிற்றில் ஏதாவது இருக்கவேண்டும். உட்கார்ந்திருக்கவேண்டும். பக்கத்தில் பெண்துணை இருந்தால் நல்லது. தூரத்தில் இருப்பவரைக் கூட்டிவரப் போனால், வழிநெடுக நோயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு வருவார்கள். சீகிரியாவில் லேசான காய்ச்சல். தம்புள்ளையில் காய்ச்சல் கடுமை. நாவுலயில் ஆஸ்பத்திரி. நாலந்தவில் டாக்டர் கையை விரித்த மாதிரி. மாத்தளை தாண்டும்போது கேட்பவர் தானாகவே பேச்சை நிறுத்திவிடுவார். வீட்டு வாசலில் யாரும் எதையும் சொல்லவேண்டி இருக்காது. ஹோட்டல் காவலாளியிடம் உண்மையைச் சொன்னால் அவர் முந்திக்கொண்டு பெண்ணிடம் சொல்லிவிடுவார் என்று முத்தையா ஒரு சடங்கைச் சொல்லியிருக்கிறார். அந்த வழியைத்தான் பொலிஸ் பாதியிலே மறித்துவிட்டது. மிச்ச வழியை அவர் இந்தக் கூண்டில் நின்றபடியே போய்ச் சேரவேண்டும்.

இது என் ஊகம். மன்றத்தில் வேறு யாருக்கும் தெரியாது. நீதவானின் காதில் சொல்லலாமா என்று நினைத்தேன். மொழிபெயர்ப்பாளர் தன் சொந்த வார்த்தை ஒன்றையும் சேர்க்கக்கூடாது. சொன்னாலும், சார்ஜன்ட் அந்தப் பெரிய குரலில் அதைத் திருப்பிச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? அவளோ பத்தடி தூரத்தில் பணிஸைப் பிய்த்துக்கொண்டிருக்கிறாள். ஹோட்டலில் வேலை செய்கிறவளுக்குச் சிங்களம் நன்றாகவே தெரியும்.

“முந்தாநேத்து நல்ல மழைங்க அய்யா” என்று முத்தையா தொடங்கினார். “மரமெல்லாம் நனஞ்சி கெடந்திச்சு. மரம் நனஞ்சா பால் வெட்ட ஏலாது. ராமசாமி அண்ணன் வாசல்ல ஒக்காந்து கத்தியத் தீட்டிக்கிட்டு இருந்தாரு.”

ராமசாமி, சாந்தியின் அப்பா. நான் சிங்களத்தில் சொன்னேன். மழை, நனைந்த மரம், வாசல், கத்தி.

அவர் பேச்சு மெதுவாக வந்தது. வசனத்துக்கு வசனம் ஓர் இடைவெளி. அவர் நிறுத்தினால் நான் எண்ணினேன். நான் நிறுத்தினால் அவர் காத்திருந்தார். வெளியே நாவுலப் பக்கத்து வெயில் கொளுத்தியது. உள்ளே உக்குவளை மேட்டு மழை பெய்துகொண்டிருந்தது. மலை முகில் இறங்கி லயத்து வரிசை வீடுகளின் கூரைத் தகரத்தைத் தடவிக்கொண்டு போவது எனக்குத் தெரிந்தது. பாதி சாய்ந்த மிளகுக் கொடி தெரிந்தது. யாரும் இருமவில்லை. ஒரு சட்டத்தரணி கையில் எடுத்த தாளை வைக்காமலே பிடித்துக்கொண்டிருந்தார்.

“நீலக் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தாரு. ‘ஹோட்டல்ல வேல செய்ற மக அனுப்பினது, எப்பிடி இருக்கு முத்தையா’ன்னு கேட்டாரு. ‘மாப்பிள்ள மாதிரி இருக்கீங்க’ன்னேன். ‘போடா, ஒனக்குப் பொறாம’ன்னாரு.”

சாந்தி சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கக்கூடாது.

“பின்னேரம் நெஞ்சுல ஒரு மாதிரி இருக்குன்னாரு. சுடுதண்ணி வச்சிக் குடுத்தோம்.” நிறுத்தினார். நான்கு. “வெளக்கு வச்ச பொறகு நாங்க எல்லாரும் வந்து ஒக்காந்துட்டோம். பாட்டுக்கூடப் பாடினோம். டாக்டர் அய்யா வந்து பாத்தாரு.” ஏழு. “நோவு நின்னிரிச்சுங்க. அதுக்குப் பொறகு அவருக்கு நோவே இல்ல.”

நான் அந்த நான்கையும் ஏழையும் அதே இடங்களில் எண்ணி நிறுத்தி, நோவு நின்றதைச் சிங்களத்தில் சொன்னேன். நீதவானின் கண் கூரையிலிருந்து இறங்கி என்னிடம் வந்தது. என் முகத்தில் ஏதோ தேடினார். நான் முகத்தைக் கொடுக்கவில்லை. பிறகு முத்தையாவைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். பெண் கொன்ஸ்டபிளுக்குக் கையால் சைகை காட்டினார், இன்னும் கிட்டப் போய் உட்காரும்படி.

அப்போதுதான் சார்ஜன்டுக்கும் விளங்கியது. “கனம் ஐயா, அப்படியென்றால் இந்தப் பெண்ணின் அப்பா...” என்று எழுந்தார்.

“சார்ஜன்ட்” என்றார் நீதவான். குரலை உயர்த்தவில்லை. “என் பேனா இன்னும் மேசையில்தான் இருக்கிறது.”

சார்ஜன்ட் உட்கார்ந்தார். சாந்தியின் கையில் பணிஸ் பாதியில் நின்றது.

கூண்டில் நிற்பவர் நீதவானைப் பார்த்துத்தான் பேசவேண்டும். முத்தையா முழுதாகத் திரும்பி அவளைப் பார்த்தார். யாரும் தடுக்கவில்லை.

“அப்பா வீட்டுலதான் இருக்காரு தாயி. ஆஸ்பத்திரிக்கெல்லாம் கொண்டு போகல. அந்தச் சட்டையத்தான் போட்டிருக்கு. லயமே கூடியிருக்கு. முச்சந்தியில இருந்து வாசல் வரைக்கும் வெள்ளக் கொடி கட்டியிருக்கோம்.”

இந்த நாட்டில் சாவு வீட்டுக்குக் கட்டும் வெள்ளைக் கொடிக்கு விளக்கம் தேவையில்லை. அவள் கேட்டுவிட்டாள். இனி அதையே நான் சிங்களத்தில் இரண்டாம் தடவை சொல்லவேண்டும். சொல்லாமல் விட்டால் அது பதிவில் ஏறாது. பதிவில் ஏறாவிட்டால் பதினான்கு நாள். அவள் அப்பாவின் முகத்தைக் காணமாட்டாள். சொன்னேன். அங்கே எத்தனை எண்ணினேன் என்று எனக்கு நினைவில்லை. எண்ணினேனா என்பதே சந்தேகம்.

சாந்தி எழுந்து நின்றாள். அழவில்லை. “எப்ப எடுக்கிறாங்க?”

“நீ வரணும்னுதான் வச்சிருக்கு. பொழுது சாயிறதுக்குள்ள எடுக்கணும்” என்றார் முத்தையா. அது வரைக்கும் நிமிர்ந்து நின்றவர் அதைச் சொல்லிவிட்டுக் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

நீதவான் என்னைப் பார்த்தார். அவள் சாட்சி அல்ல, அவள் பேச்சு என் கடமையில் சேராது. ஆனாலும் சொன்னேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். தோட்ட அலுவலகத்தோடு உடனே பேசும்படி பதிவாளரிடம் சொன்னார். தோட்டத்துக் கிளாக்கர் மறுமுனையில் உறுதிப்படுத்தினார். ஊரே இவர்கள் வரவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறதாம், முத்தையாவுக்கு என்ன ஆயிற்று என்று தேட ஆள் அனுப்பியிருக்கிறார்களாம். நீதவான் பேனாவை எடுத்து மூன்று வரி எழுதினார். சந்தேகநபர் விடுவிக்கப்படுகிறார். பெண் அவரோடு போகலாம்.

“பஸ்ஸில் போனால் நேரம் போதாது, ஐயா” என்று சார்ஜன்ட்தான் எழுந்து சொன்னார். “ஜீப் இருக்கிறது.”

“முதலியார், நீங்களும் கூடப் போங்கள்” என்றார் நீதவான். “வழியில் இவர்களை இன்னொரு சாவடி மறித்தால் பேச ஆள் வேண்டும்.”

ஜீப்பில் ஏறும்போது சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். தனக்குத் தெரிந்த தமிழில் முத்தையாவிடம் கேட்டார்.

“நீ காலையிலேயே சொல்லுறதுதானே? நான் என்ன, மனுஷன் இல்லையா?”

“புள்ள பக்கத்துல நின்னிச்சே, ராலஹாமி.”

வழியில் இரண்டு சாவடி. இரண்டு இடத்திலும் சார்ஜன்டே இறங்கிப் போய்த் தணிந்த குரலில் ஏதோ சொல்லித் தடையைத் தூக்கச் செய்தார். எனக்கு மொழிபெயர்க்க ஒன்றும் இருக்கவில்லை. நாலந்த போனது, மாத்தளை போனது. கடைத்தெருவில் யாரோ மரக்கறியை விலை சொல்லிக் கூவினார்கள். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வீதியைக் கடந்தார்கள். தண்ணீருக்கு அடியில் நடப்பது போல எல்லாம் தெரிந்தது. சாந்தி முத்தையாவின் தோளில் சாய்ந்து கண்ணைத் திறந்தபடி இருந்தாள். உக்குவளை தாண்டி ஜீப் மேட்டில் ஏறியதும் முகில் இறங்கி வந்தது. முதல் வெள்ளைக் கொடி முச்சந்தியில் ஈரமாகத் தொங்கியது. ஓட்டுநர் யாரும் சொல்லாமலே வேகத்தைக் குறைத்தார்.

லயத்துப் பெண்கள் ஓடிவந்து அவளை வாங்கிக்கொண்டார்கள். கூட்டம் வழி விட்டது. நானும் சார்ஜன்டும் வேலியோரம் நின்றோம். ராமசாமி நீலக் கட்டச் சட்டையில், மாப்பிள்ளை போலவே இருந்தார். அவள் குனிந்து அந்தச் சட்டையின் கழுத்துப் பட்டியைச் சரிசெய்தாள். நெடுநேரம் முகத்தைப் பார்த்தாள். யாரோ ஒரு கிழவி அவள் கையில் அரிசியைக் கொடுத்தாள். வாய்க்கரிசி போட்டாள்.

அதன் பிறகுதான் எடுத்தார்கள்.